லுமாரிக்குக் கடன் கொடுத்தவர்கள்

நான் ஒரு நாட்டுக்கே கடன் கொடுத்தவள். சிரிக்காதீர்கள். லுமாரி என்ற தீவு வெள்ளைக்காரனோடு சண்டை பிடித்துச் சுதந்திரம் எடுத்தபோது, அங்கே பள்ளிக்கூடங்களில் படிப்பித்துக்கொண்டிருந்த எங்களுக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லாமல் போய்விட்டது. காசுக்குப் பதிலாக 'வெற்றிப் பத்திரம்' என்று ஒரு கடதாசி தந்தார்கள். யுத்தம் முடிந்ததும் முழுச் சம்பளமும் தருவோம் என்று அதில் அச்சடித்திருந்தது. யுத்தம் முடிந்தது. கொடி வந்தது, தேசிய கீதம் வந்தது, மந்திரிமாருக்குப் புதுக் கார்கள் வந்தன. சம்பளம் மட்டும் வரவில்லை.

பார்த்துப் பார்த்துச் சலித்து, நானும் என் மனுசன் மகேந்திரராஜாவும் 1975இல் சிட்னிக்கு வந்து சேர்ந்தோம். மூன்று டிக்கெட்டுக்குக் காசு காணாது. மகள் வதனியை ஊரில், சுன்னாகத்தில் மச்சாளிடம் விட்டோம். "ஆறு மாதத்திலை கூப்பிடுறம் குஞ்சு" என்று சொன்ன வாய்தான் இது. இரண்டு வருசமாகியும் முடியவில்லை. நான் பிஸ்கட் தொழிற்சாலையில் தட்டு அடுக்கினேன். அவர் தபால் கந்தோரில் கடிதம் பிரித்தார், ஊருக்கு எழுதும்போது மட்டும் 'அரசாங்க உத்தியோகம்' என்று எழுதுவார். சேர்ந்த காசெல்லாம் ஹோம்புஷ் பிளாட்டின் வாடகைக்கே போனது. பிள்ளை கடைசியாக எனக்குப் போட்ட கடிதத்தை 'அன்புள்ள மாமி' என்று தொடங்கி, அதை வெட்டிவிட்டு 'அம்மா' என்று எழுதியிருந்தாள். அன்றைக்கு லுமாரி மட்டும் என் கையில் அகப்பட்டிருந்தால் கடலுக்குள்ளேயே அமுக்கியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து லுமாரியின் நிதி மந்திரி சிட்னிக்கு வந்தார். கடன் கட்ட அல்ல, புதுக் கடன் வாங்க. வங்கிக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? பழைய கடனுக்கு முதலில் ஒரு வழி செய் என்றார்கள். அவர்கள் வைத்த நிபந்தனை இது: கஷ்டம் என்று சொல்லும் ஆசிரியர்களுக்கு அந்த இடத்திலேயே முழுக் காசும் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் சம்மதித்தால் இருபது வருசத்துக்குத் தள்ளிப் போடலாம். மந்திரியின் செயலாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். எல்லோரும் கஷ்டம் என்று சொன்னால் லுமாரி எங்கே போகும்? என் மனுசன் அங்கே ஆசிரியர் சங்கத் தலைவராக இருந்தவர். அவருக்கு டெலிபோன் எடுத்து யோசனை கேட்டார்கள்.

இவர் கொடுத்தார். கொடுத்துவிட்டு, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் வந்து நின்று சிரித்தார்.

"எல்லாரையும் குடும்பத்தோட ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டு, சபையிலை வைச்சு ஒவ்வொருத்தராக் கேளுங்கோ எண்டு சொன்னனான். எங்கட சனம் நாலு பேருக்கு முன்னாலை 'எனக்குக் கஷ்டம்' எண்டு வாய் திறக்குமே?"

"அப்ப எங்கட காசு?"

"அதுதானப்பா சூட்சுமம். எல்லாரும் அவசரமில்லை எண்டு சொல்லுவினம். நான் மட்டும் வேணும் எண்டு சொல்லுவன். வதனி பொங்கலுக்கு இஞ்சை நிப்பாள்."

"நீங்கள் மட்டும் என்ன, வேற சனமே?"

"விசர்க்கதை கதைக்காதையும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, ஹோம்புஷில் ஒரு தேவாலய மண்டபம். லுமாரியில் படிப்பித்துவிட்டுச் சிட்னிக்கு வந்த அத்தனை தமிழ்க் குடும்பமும் கலியாண வீட்டுக்கு வந்ததுபோல உடுத்துக்கொண்டு வந்திருந்தது. மேடையில் மந்திரி, பக்கத்தில் செயலாளர், மூலையில் வாயே திறக்காத ஒரு வங்கிக்காரர். மேசையில் செக் புத்தகம். ஒரு நாட்டுக்கு எவ்வளவு கடன் இருக்கிறதோ அவ்வளவு பேர் அதை நம்புகிறார்கள் என்று அர்த்தமாம், மந்திரி பேசினார். அந்தக் கணக்குப்படி உலகத்திலேயே நம்பிக்கையான நாடு லுமாரிதான். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். கடன் கொடுத்தவன் கைதட்டியதை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் கண்டேன்.

பிறகு கேள்வி தொடங்கியது. முதலில் வரதராஜா. தவணை கட்டாததால் அவருடைய காரைப் பறித்துக்கொண்டு போய் இரண்டு கிழமை.

"எங்களுக்கென்ன அவசரம்? ஆறுதலாத் தாங்கோ" என்று மந்திரிக்கு இங்கிலிஷிலும் எங்களுக்குத் தமிழிலுமாக இரண்டு தரம் சொன்னார். அவருடைய மனைவி பவளம் சேலைத் தலைப்பைச் சரிசெய்து புன்னகைத்தாள். அந்தச் சேலை என்னுடையது.

அடுத்தது தமிழ்நாட்டுக்காரர் பாலகிருஷ்ணன். வேலை போய் ஒரு மாதம் ஆகிறது என்று அவர் மனைவி வேதவல்லி என்னிடம் சொல்லி அழுதிருந்தாள்.

"ஆமா சார், இருபது வருஷமெல்லாம் ஒரு விஷயமா? மெதுவா வரட்டும்" என்றார். வேதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

இப்படியே ஒவ்வொருவராக எழுந்து தங்கள் செல்வச் செழிப்பை அறிவித்தார்கள். செயலாளரின் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசியில் என் மனுசன் எழுந்தார். டையை இழுத்துவிட்டார். தொண்டையைச் செருமினார். திரும்பிச் சபையைப் பார்த்தார். அங்கேதான் எல்லாம் கெட்டது.

"ஒரு இளம் தேசத்தை நெருக்கிறது அழகில்லை. நாங்கள் நல்லா இருக்கிறம்" என்றார்.

பலத்த கைதட்டல். உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "வாய் வரேல்லையப்பா" என்று என் காதுக்குள் முணுமுணுத்தார்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருசம்! என் பிள்ளைக்கே பிள்ளை பிறந்துவிடும். எழுந்தேன்.

"எங்களுக்கு அவசரம்" என்று இங்கிலிஷில் சொன்னேன். பிறகு சபையைப் பார்த்துத் தமிழிலும் சொன்னேன். "என்ர பிள்ளை இரண்டு வருசமாத் தாய் இல்லாமல் நிக்குது. டிக்கெட்டுக்குக் காசில்லை. இவர் கடிதம் பிரிக்கிறார், நான் பிஸ்கட் அடுக்கிறன். எங்களுக்குக் கஷ்டம்தான். வெக்கமாத்தான் இருக்கு. எண்டாலும் தாங்கோ."

என் மனுசன் கதிரையோடு கதிரையாகச் சுருங்கிப் போனார். வங்கிக்காரர் மந்திரியைப் பார்த்தார். மந்திரி பேனாவை எடுத்தார். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு கதிரை நிலத்தில் உராய்ந்தது.

"எங்களுக்கும் வேணும். இவருக்கு வேலை இல்லை" என்றாள் வேதவல்லி.

"எங்களுக்கும்தான்" என்றாள் பவளம். பிறகு பார்க்க வேண்டுமே! சேலைகள் எல்லாம் எழுந்து மேடையடியில் வரிசை கட்டின, வேட்டியும் காற்சட்டையும் நிலத்தைப் பார்த்தபடி இருந்தன. வேதவல்லிக்கும் பவளத்துக்கும் கொடுத்து, வரிசையின் பாதிக்கு வரும்போதே லுமாரியின் திறைசேரி காலியானது. வங்கிக்காரர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

செயலாளர் பாய்ந்து வந்து என் மனுசனுக்கு முன்னால் நின்றார். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கத்தினார். என் மனுசன் என் கையிலிருந்த செக்கைப் பார்த்தார். மகளுடைய பெயரைச் சொல்லப் போகிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன், அவருடைய வாய் அப்படிக் கோணியது.

"நான் ஆம்பிளையளைப் பற்றித்தான் சொன்னனான்" என்றார்.