எமில்ராஜின் பெயரில் ஒரு வெடி

தேவாலயப் பெருநாளுக்கு இரண்டு நாள் முந்தியே ஸ்ரெல்லா லெனாட்டிடம் சொல்லிவிட்டாள். லெனாட் அவள் புருசனின் தம்பி. குருநகரில் சுருவம், அதாவது புனிதரின் சிலை, ஊர் சுற்றும்போது வெடி கொளுத்துவது அவனும் கூட்டாளிகளும்தான்.

"என்ரை வாசலிலை மட்டும் கொளுத்தாதை. கறுவல் தாங்காது."

"பாதரிட்டைக் கேட்டு நாய்க்கொரு பூசையும் வைப்பமோ?" என்று சிரித்தான். பிறகு, "சரி மச்சாள்" என்றான்.

கறுவல் அவள் புருசன் எமில்ராஜோடு கடல்தொழிலுக்குப் போன நாய். போன ஐப்பசியில் கடலுக்குள் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது படகில் கூட இருந்தது அது ஒன்றுதான். அது விடாமல் குரைத்ததில்தான் பக்கத்துப் படகுக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். பிணமாவது வீடு வந்தது.

பெருநாளன்று பின்னேரம் கறுவலை அறைக்குள் விட்டு, யன்னலைச் சாக்காலும் பழைய வலையாலும் அடைத்தாள். ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். எமில்ராஜ் உடுத்த சாரத்தை விரித்து நாயின் பக்கத்தில் குந்தினாள். தூரத்து வெடிக்கு உடம்பு நடுங்கினாலும், அவள் கை முதுகில் இருக்கும்வரை அது படுத்தே கிடந்தது.

கடலில் செத்தவனின் வாசலில் அந்த வருசம் சுருவம் நிற்கும். அவன் பெயரில் வீட்டுக்காரர் ஒரு கட்டு வெடி கொளுத்துவது வழக்கம். சுருவம் வாசலுக்கு வந்ததும் ஸ்ரெல்லா அறைக் கதவைச் சாத்திவிட்டு, மெழுகுதிரியோடு மட்டும் வெளியே வந்தாள்.

லெனாட் தான் கொண்டுவந்த சீனவெடிக் கட்டை மதிலில் தொங்கவிட்டுக் கொளுத்தினான்.

அவள் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை. சாக்கையும் வலையையும் கிழித்துக்கொண்டு கறுவல் பாய்ந்து, சனத்துக்குள்ளால் கரைக்கு ஓடியது. பயந்தால் அது தேடுவது படகைத்தான். படகைப் பெருநாளுக்குச் சோடிப்பதற்காக அன்று காலையே இறங்குதுறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வழமையாக நங்கூரம் போடும் இடத்தில் வெறும் தண்ணீர். நாய் நேரே உள்ளே நீந்திப் போனதைக் கண்டதாகக் கரையில் நின்றவர்கள் சொன்னார்கள்.

விடியத்தான் லெனாட் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். முற்றத்தில் கிடத்தினான். ஸ்ரெல்லா அதன் காதில் ஒட்டியிருந்த பாசியை எடுத்தாள்.

"உனக்குச் சொன்னனான் தானே."

"அண்ணையின்ரை கவலையிலை சொல்லுறியள் எண்டு நினைச்சன் மச்சாள். ஒரு வெடியும் இல்லாமல் சுருவத்தை அனுப்ப மனம் வரேல்லை."

"நான் நாயைத்தான் சொன்னனான்."

லெனாட் ஈரச் சேட்டோடு நின்றான். பிறகு மண்வெட்டி எங்கே என்று கேட்காமல், குழி வெட்ட அதைத் தேடி வீட்டுப் பின்பக்கம் போனான்.