முன்பதிவு தேவையில்லை

ஹாம்பர்க்கிலிருந்து ஹெல்கா அனுப்பிய மின்னஞ்சல் ஒரு கேள்வியோடு முடிந்திருந்தது. சென்னையில் ஓட்டல்களுக்கு முன்கூட்டியே டேபிள் பதிவு செய்ய வேண்டுமா?

படித்ததும் ஜெனிதாவுக்குச் சிரிப்பு வந்தது. கிண்டியில் பம்பு செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. அங்கே தன் கம்பெனி வாங்கும் பம்புகளைத் தரம் பார்க்க வரப்போகிறவள் ஹெல்கா. இரண்டு வருடம் வீடியோவில் பேசிப் பேசியே சிநேகிதியாகிவிட்டவள். முதல்முறையாக ஊருக்கு வருகிறவளிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடக் கூடாதே என்று, ஆழ்வார்பேட்டையில் அந்த மீன் ஓட்டலுக்கே ஜெனிதா போன் போட்டாள்.

"சனிக்கிழமை மதியம் மூணு பேர் வர்றோம். புக் பண்ணணுமா?"

"லஞ்சுக்குத் தேவையில்ல மேடம், நேரா வந்துடுங்க," என்றது ஒரு பெண்குரல்.

அதையே ஹெல்காவுக்கு எழுதினாள்.

அந்த ஓட்டலை அவள் தேர்ந்தெடுத்தது ஹெல்காவுக்காக இல்லை, அம்மாவுக்காக. நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் லூர்துமேரியின் வஞ்சிரமும் இறாலும் நாலு வருடமாக அந்த ஓட்டலுக்குத்தான் போகின்றன, பின்வாசல் வழியாக. உள்ளே அவை என்ன கோலத்தில் தட்டில் வருகின்றன என்று அவள் பார்த்ததே இல்லை. "ஒரு நாள் பாக்கணும்டி" என்று எப்போதோ சொன்னதை ஜெனிதா மறக்கவில்லை.

சனிக்கிழமை லூர்துமேரி மெரூன் பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். மாதா கோயில் திருவிழாவுக்கு மட்டும் வெளியே வரும் சேலை. கைகளை எலுமிச்சம்பழம் போட்டு இரண்டு தடவை கழுவினாள்.

தி.நகரில் தங்கியிருந்த ஹெல்கா, ஆட்டோ நெரிசலில் நிற்கிறது, பத்து நிமிடமாகும் என்று செய்தி அனுப்பியிருந்தாள். தாயும் மகளும் முதலில் போய்விட்டார்கள்.

கண்ணாடிக் கதவருகே கோட்டு போட்ட இளைஞன் நின்றிருந்தான். கோட்டில் கிஷோர் என்று பெயர்ப்பட்டை.

"ரிசர்வேஷன் இருக்கா மேடம்?"

"தேவையில்லன்னு போன்ல சொன்னாங்க. மூணு பேர்."

அவன் பதில் சொல்லுமுன் லூர்துமேரியைப் பார்த்துவிட்டான். முகம் மாறியது. "மேரிக்கா? இன்னிக்கு லோடு சொல்லலியே."

"லோடு இல்ல நைனா. துன்றதுக்கு வந்துகீறோம்."

கிஷோர் ஒரு முறை உள்ளே திரும்பிப் பார்த்தான். "ஃபுல்லா இருக்குக்கா. சாயந்திரம் வரைக்கும் ஃபுல்."

அவன் தோளுக்குப் பின்னால் ஏழு டேபிள் காலியாகக் கிடந்ததை ஜெனிதா எண்ணினாள். அதைச் சொல்ல வாயெடுக்கும்போதே ஒரு கார் வந்து நின்றது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். "புக் பண்ணலப்பா, இடம் இருக்குமா?" என்றார் அந்த மனிதர். "வாங்க சார், வாங்க," என்று கிஷோர் கதவைத் திறந்து பிடித்தான்.

ஜெனிதாவுக்குக் காது மடல் வரை சுட்டது.

"அவங்க மட்டும் புக் பண்ணிட்டா வந்தாங்க?"

"மேடம், அவங்க ரெகுலர்..."

"எங்கம்மா நாலு வருஷமா வாராவாரம் வர்றாங்க. அதைவிட ரெகுலர் யாருய்யா?"

கிஷோர் குரலைத் தாழ்த்தினான். "புரிஞ்சுக்கோங்க. கெஸ்ட்டுங்க இருக்காங்க. வேணும்னா பின்னாடி வாங்க, பார்சல் போட்டுத் தர்றேன்."

லூர்துமேரி சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். தன் கையை அவள் ஒரு கணம் மூக்கருகே கொண்டுபோனதை ஜெனிதா பார்த்தாள். அந்த ஒரு அசைவில் அவளுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. மீனுக்கு வழி உண்டு, மீன் கொண்டுவந்தவளுக்கு இல்லையா? இதற்கு எந்த ஊரில், எத்தனை நாள் முன்னால் பதிவு செய்ய வேண்டும்?

அந்த நேரம் பார்த்து ஆட்டோவிலிருந்து ஹெல்கா இறங்கினாள். வெயிலில் சிவந்த முகத்தோடு ஓடிவந்து ஜெனிதாவைக் கட்டிக்கொண்டாள். கிஷோரின் முதுகு தானாக நிமிர்ந்தது. "வெல்கம் மேடம்! விண்டோ டேபிள் ரெடியா இருக்கு." பிறகு, கண்ணைச் சந்திக்காமல், "மூணு பேர்தானே?" என்றான்.

"வேணாம்!" என்று ஜெனிதா கத்தியே விட்டாள். நடந்ததை ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் ஹெல்காவிடம் கொட்டினாள். ஹெல்கா உதட்டைக் கடித்துக்கொண்டு, உடனே வேறு எங்காவது போகலாம் என்றாள். "வாம்மா, போலாம். இந்த எடத்துல தண்ணிகூடக் குடிக்கக் கூடாது," என்று ஜெனிதா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

லூர்துமேரி அசையவில்லை.

"இன்னாத்துக்குப் போவணும்? நாம போனா அவனுக்கு நிம்மதி. நான் எங்கியும் வரல."

கிஷோரைத் தாண்டி அவள் உள்ளே நடந்தாள். யாரையும் கேட்காமல் நடு டேபிளில் உட்கார்ந்தாள். வேறு வழியில்லாமல் மற்ற இருவரும் பின்னால் போனார்கள். ஜெனிதாவுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவோ வஞ்சிரத் துண்டை விரலால் பிட்டு, முள்ளை ஒதுக்கி, நிதானமாகச் சாப்பிட்டாள். "மீன் நம்முளுதுதான். மசாலாவைப் போட்டுக் கொன்னுட்டான்," என்றாள் சத்தமாக. ஹெல்கா அர்த்தம் கேட்டு, சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தாள்.

கை கழுவிவிட்டு வரும்போது லூர்துமேரி கிஷோர் முன் நின்றாள்.

"உன்னைய யாருடா அப்டிச் சொல்லச் சொன்னது?"

"ஓனர்க்கா. ஆளைப் பார்த்து உட்கார வைன்னு சொல்லியிருக்காரு. எனக்கு வேலை போயிடும்."

"செரி. அவராண்ட சொல்லு. திங்கக்கெழமைலேர்ந்து என் மீன் வராது."

சொன்னபடியே திங்கட்கிழமை அவளுடைய கூடை திருவான்மியூர்ப் பக்கம் வேறொரு ஓட்டலுக்குப் போயிற்று. நாலு வருடத்து வாடிக்கையை விட்டதைப் பற்றி வீட்டில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெனிதாவால் அப்படி இருக்க முடியவில்லை. தேதி, நேரம், காலி டேபிள்களின் எண்ணிக்கை எல்லாம் போட்டு முதலாளிக்கு ஒரு புகார் அனுப்பினாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறார்களாம். அடுத்த முறை முன்பதிவு செய்துவிட்டு வந்தால் நல்லதாம்.

ஜெனிதா அதை இரண்டு தடவை படித்தாள். உடனே பதில் தட்டச்சத் தொடங்கினாள். இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மா, "இன்னாடி எழுதிக்கினு கீற?" என்று கேட்டாள். ஜெனிதா படித்துக் காட்டினாள்.

லூர்துமேரி இறாலைக் கீழே வைத்தாள்.

"என் பேரைப் போட்டியா?"

"இல்லம்மா. என் தாயார்னு போட்டிருக்கேன்."

"பேரைப் போடு. முழுசா போடு."

ஜெனிதா அந்த வரியை அழித்துவிட்டு, லூர்துமேரி, மீன் வியாபாரி, நொச்சிக்குப்பம் என்று எழுதினாள். பிறகு அனுப்பினாள்.