நாலு மணிக்கு முடியும் வேலை

அவளுடைய வேலை நாலு மணிக்கு முடியும். வீட்டில் ஐந்து என்று சொல்லியிருந்தாள்.

ஆரம்பத்தில் அது பொய்யில்லை. தண்ணீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் ஐந்து மணி வரை உட்காரத்தான் வேண்டியிருந்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, குழாய் உடைந்ததிலிருந்து பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார் போட்டு உறிஞ்சுவது வரைக்கும் ஊரார் திட்டுவதையெல்லாம் கேட்டுவிட்டு, "பதிவு பண்ணிட்டேன் சார், பதிவு பண்ணிட்டேன் மேடம்" என்று சொல்கிற உத்தியோகம். போன வருஷம் மேலதிகாரி மாறினார். புதிதாக வந்தவர் மதிய இடைவேளையை வெட்டிவிட்டு எல்லாரையும் நாலு மணிக்கே அனுப்ப ஆரம்பித்தார்.

அந்த முதல் நாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நாலரை. மாடி ஏறும் முன் ஐந்தே நிமிஷம் காரில் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று கண்ணை மூடியவள், திறந்தபோது ஐந்தரை. அதுதான் அவள் வழக்கமாக மேலே போகிற நேரம். கணவன் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். மறுநாள் போகும்போது ஒரு தலையணையைக் கையோடு எடுத்துப் போனாள்.

மேலே, இரண்டாவது மாடியில், கணவனின் அண்ணன், அவளுக்கு அத்தான், படுக்கையில் இருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஓய்வு பெற்ற கையோடு இந்தப் பழைய ஹைபிரிட் காரை வாங்கினார். "பெட்ரோலும் குடிக்கும், கரண்டுலயும் ஓடும், என்னை மாதிரி ஓயாம வாயடிக்காது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு எட்டு மாதம் ஓட்டினார். ஒன்பதாவது மாதம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வாயில் ஏழெட்டு வார்த்தைகள்தான் மிஞ்சின. இரண்டரை வருஷமாக அவரைத் திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது, சளி எடுப்பது எல்லாம் இவர்கள் இருவர் கையில்தான்.

கணவன் செய்தித்தாள் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுகிறவன். சாயங்காலம் ஆறு மணிக்கு அச்சக வேன் வரும்; விடியும் நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். இரவு முழுக்க அண்ணன் அவள் பொறுப்பு; காலையில் அவள் வீட்டை விட்டுப் போனதும் அவன் பொறுப்பு. அவர் கண் அசரும்போது இவனும் அசருவான், அவர் இருமினால் எழுந்துகொள்வான். தூக்கத்தைச் சில்லறையாக மாற்றிச் செலவழிக்கிறவன். அவள் மாடி ஏறி வந்தால்தான் அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பான். அவள் நாலரைக்கே வந்தால் அது ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்தக் கணக்கு அவளுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

குடியிருப்பின் பின்பக்கம், மதில் ஓரமாகக் காரை நிறுத்துவாள். ஏ.சி.யைப் போட்டுவிட்டுப் பின்சீட்டில் தலையணையைச் சாய்த்து, ஒரு சால்வையைப் போர்த்திக்கொள்வாள். கார் சத்தமில்லாமல் குளிரூட்டும். பேட்டரி இறங்கும்போது எஞ்சின் தானாகக் கிளம்பி, கொஞ்ச நேரம் உறுமி, தானாக நின்றுவிடும். பத்து மாதம் அந்த ஒரு மணி நேரம்தான் அவளைத் தாங்கிப் பிடித்தது. யாரும் அவளிடம் எதையும் பதிவு செய்யச் சொல்லாத நேரம்.

கோளாறு ஓசைப்படாமல் வந்தது. முதலில் பின்சீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு விசிறி இரையத் தொடங்கியது. பிறகு பேட்டரி அளவு காட்டும் கோடுகள் ஒரு சிக்னலில் முழுதாக இருந்து அடுத்த சிக்னலில் இரண்டே இரண்டாக இறங்கின. கடைசியாக ஒரு நாள், மதில் ஓரம் படுத்திருந்தபோதே, முன்னால் சிவப்பு முக்கோண விளக்கு எரிந்தது. அணைத்துப் போட்டதும் போய்விட்டது. வீட்டில் சொன்னால் மெக்கானிக்கிடம் போக வேண்டும். போனால் எப்போது எரிந்தது, எங்கே எரிந்தது என்று பேச்சு வளரும். வாயை மூடிக்கொண்டாள். கணவன் மாதத்துக்கு ஒருமுறை, அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மட்டும்தான் அந்தக் காரைத் தொடுவான்.

விளக்கு எரிந்து பத்து நாள் கழித்து, அந்த மாதமும் கூட்டிப்போனான். நடுப்பகல் வெயில். அவன் ஓட்ட, அவள் பின்னால் அத்தானுக்குப் பக்கத்தில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேம்பாலத்தின் ஏற்றத்தில் கார் திடீரென்று கத்த ஆரம்பித்தது. எஞ்சின் தொண்டை கிழிய உறுமியது, சக்கரத்தில் மட்டும் வலு இல்லை. விளக்குகள் வரிசையாக எரிந்தன.

"என்ன ஆச்சு இதுக்கு? இதுக்கு முன்னாடி இப்படிப் பண்ணிருக்கா?" என்று அவன் கேட்டான்.

"இல்லையே" என்றாள்.

பாலத்தின் உச்சிக்குப் போவதற்குள் கார் நின்றேவிட்டது, நடுத்தடத்தில். பின்னால் வந்தவர்கள் ஹாரனாலேயே திட்டினார்கள். அவன் இறங்கித் தள்ளிப் பார்த்தான். ஏற்றத்தில் ஒரு ஆள் தள்ளி எது நகரும்? இழுவை வண்டி வர ஐம்பது நிமிஷம் ஆனது. ஏ.சி. இல்லை. அவள் கைக்குட்டையை நனைத்து அத்தானின் நெற்றியில் வைத்துக்கொண்டே இருந்தாள். பாதி நேரத்தில் அவருடைய வேட்டி நனைந்து, சீட்டில் ஈரம் பரவியது. போகிறவர்கள் வருகிறவர்கள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள். அவர் இடது கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். அந்தக் கையை விலக்கவும் முடியாமல், தானும் மறைத்துக்கொள்ள முடியாமல், அவள் சால்வையை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

மெக்கானிக்கை எல்லாரும் ஃபியூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியில் எஞ்சினே இல்லை என்று சொன்னாலும் அவர் முதலில் ஃபியூஸைத்தான் பார்ப்பார். மறுநாள் அத்தானைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு இருவரும் பட்டறைக்குப் போனபோது, பின்சீட் கழன்று தரையில் கிடந்தது. கனமான ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஆரஞ்சு நிற வயர்களை விலக்கி, பேட்டரிப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்.

"ஃபியூஸ் நல்லா இருக்கு" என்று ஆரம்பித்தார். "பேட்டரிதான் போச்சு. இருபத்தெட்டு செல்லு அடுக்கியிருக்கு பாருங்க. நடுவுல உள்ள ஆறு வெந்துடுச்சு. சூடு, வேற ஒண்ணும் இல்ல. இது மூச்சு விடறதே இந்த ஓட்டை வழியாத்தான்." பின்சீட்டின் ஓரத்தில் இருந்த சல்லடை போன்ற மூடியைக் காட்டினார். அது முழுக்கப் பஞ்சு அப்பியிருந்தது. "உள்ள இருக்கற குளிர்காத்தை இழுத்து பேட்டரியை ஆத்தணும். யாரோ தலகாணியை இதுமேலயே வச்சுப் படுத்திருக்காங்க. மனுஷன் மூக்கைப் பொத்தினா என்ன ஆகும், அதேதான்."

"அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப வைக்கிறதா இருக்கும்" என்றான் கணவன்.

"மாசத்துக்கு ஒரு தடவை வச்சா இவ்வளவு பஞ்சு சேராது சார்." ஃபியூஸ் கையடக்கக் கருவியை எடுத்துப் பார்த்தார். "கோளாறு வந்த அந்த நிமிஷம் வண்டி என்ன பண்ணிட்டு இருந்ததுன்னு இது எழுதி வச்சுக்கும். முதல் தடவை வந்தப்ப வண்டி ஓடவே இல்ல. பார்க்கிங்ல நின்னிருக்கு. ஏ.சி. ஓடுது. ஸ்டார்ட் பண்ணி அம்பத்திரெண்டு நிமிஷம்." நிமிர்ந்து பார்த்தவர், இருவர் முகத்தையும் கண்டதும், கருவியை அவசரமாகக் கீழே வைத்தார். "நான் பழைய பேட்டரி ஒண்ணு, நல்லதா விசாரிச்சு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே நழுவிவிட்டார்.

வீடு வந்து சேர்ந்ததும் அவன் சமையலறையில் வந்து நின்றுகொண்டு கேட்டான்.

"எத்தனை நாளா?"

"பத்து மாசமா. வேலை நாலு மணிக்கே முடிஞ்சிடும்."

"யாரோட பேசிட்டு இருந்த?"

"யாரோடயும் இல்ல. தூங்கினேன்."

"தூங்கின." அவன் அந்தச் சொல்லை நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோலச் சொன்னான். வேறு எதையாவது அவள் சொல்லியிருந்தால் கத்துவதற்கு அவனுக்கு வழி இருந்திருக்கும் என்று அவளுக்குப் பட்டது.

"நான் மேல என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? நாலு மணிக்கெல்லாம் கண்ணு சொக்கும். தூங்கிட்டா அவருக்குச் சளி அடைச்சுக்கும். நின்னுக்கிட்டே தூங்கிடுவேனோன்னு குழாய்க்கு அடியில தலையைக் குடுத்துட்டு நிப்பேன். ஒரு நாள் மிஷின்ல கை போயிருக்கும், பக்கத்துல இருந்தவன் பிடிச்சு இழுத்தான். உன்கிட்டச் சொல்லல, பயப்படுவன்னு. நீ கீழ தலகாணி போட்டுப் படுத்திருந்த."

அவள் மேடைமேல் கிடந்த கரண்டியை எடுத்துத் தொட்டியில் போட்டாள்.

"ஒரு மணி நேரம் வேணும்னு கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"குடுத்திருப்பீங்க."

"அப்புறம் என்ன?"

"கேட்டு வாங்கினா, உங்க தூக்கத்துல இருந்து பிடுங்கினதா இருக்கும். கேக்காம எடுத்தப்ப அப்படித் தெரியல."

இதைவிட நல்ல பதில் ஒன்று தன்னிடம் இருக்கக்கூடாதா என்று தேடினாள். இல்லை. அவன் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அறையிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. அத்தான் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். இருவரும் ஓடினார்கள்.

"தெரியும்" என்றார் அவர்.

"என்னண்ணே தெரியும்?"

அவர் ஜன்னலைக் காட்டினார். அதற்குக் கீழேதான் மதில். "கார்" என்றார். பிறகு உதட்டைக் குவித்து, எச்சில் தெறிக்க, எஞ்சின் கிளம்புகிற மாதிரி ஒரு ஓசை எழுப்பினார். நிறுத்தினார். கொஞ்சம் விட்டு மறுபடி எழுப்பினார், மறுபடி நிறுத்தினார். மதில் ஓரத்தில் கார் தானாகக் கிளம்பி நிற்பது அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். முப்பது வருஷம் எஞ்சின் சத்தத்திலேயே வாழ்ந்த காது. அவளுக்குக் கூசியது.

"தெரிஞ்சிருந்தும் ஏண்ணே என்கிட்ட காட்டல?"

"பாவம்" என்றார் அவர். யாரைச் சொன்னார் என்று இருவருமே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் பிடித்த பிடிவாதம்தான் வீட்டைக் கலக்கியது. பகலில் மட்டும் நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற பராமரிப்பு மையம் ஒன்றை ஆஸ்பத்திரியில் எப்போதோ சொல்லியிருந்தார்கள். "என் அண்ணனை ஆள் வச்சுப் பாத்துக்கற நிலைமைக்கு நான் வரல" என்று அன்றே கணவன் அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்திருந்தான். இப்போது அவர், ஊட்ட வந்த கரண்டியைத் தள்ளிவிட்டு, "போறேன்" என்றார். எங்கே என்று கேட்டால் கட்டிலுக்கு அடியில் இருந்த ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் காட்டினார். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரைத் தவிர எதையும் விழுங்கவில்லை.

"நீதான் சொல்லிக் குடுத்தியா?" என்று கணவன் அவளைக் கேட்டான்.

"இல்ல" என்றாள். அவன் நம்பவில்லை என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. பத்து மாதம் பொய் சொன்னவள், நம்பு என்று எந்த வாயால் கேட்பது?

கடைசியில் அவன்தான் இறங்கி வந்தான். வாரத்தில் மூன்று நாள் என்று முடிவானது. ஃபியூஸ் ஒரு பழைய பேட்டரியைச் சோதித்து மாட்டிக் கொடுத்தார். இரண்டு வருஷம் தாங்கும், அதற்கு மேல் தன்னைக் கேட்கக்கூடாது என்று கறாராகச் சொன்னார்.

முதல் நாள் அலுவலகம் போகும் வழியில் அவளே அத்தானை மையத்தில் இறக்கினாள். அறை சுத்தமாக இருந்தது, ஆனால் பினாயில் நெடி தூக்கலாக இருந்தது. அவர் சக்கர நாற்காலியில் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் குனிந்து, "மன்னிச்சுக்கங்க அத்தான்" என்றாள். அவர் அவளைப் பார்க்காமல், கையை மட்டும் வீசி, "போ, போ" என்றார். பஸ்ஸில் படிக்கட்டில் நிற்பவர்களை உள்ளே போகச் சொல்கிற மாதிரி. அதில் கோபம் இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் நாலரைக்கெல்லாம் மாடி ஏறினாள். அத்தானை மையத்து வண்டி ஐந்தரைக்குக் கொண்டுவந்து விடும். கணவன் அண்ணனின் கட்டிலில், சட்டையைக்கூடக் கழற்றாமல், குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எத்தனை மணிக்குப் படுத்தான் என்று தெரியவில்லை. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. ஒரு வாரமாக, தேவைக்கு மேல் ஒரு வார்த்தை அவளிடம் பேசாதவன்.

அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் அறையைக் கடந்தாள். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் எரிந்தது, தூக்கம் வரவில்லை. ஐந்தே காலுக்கு அவனை எழுப்ப வேண்டும். எழுந்தால் முதலில் என்ன சொல்வான் என்று யோசித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள்.