பாதி ஊதினால் போதும்

மூச்சு இல்லாத ஆளோடு போடுவதெல்லாம் ஒரு சண்டையா? என் வீட்டுக்காரர் ஜெயராஜ் நல்ல சண்டைக்காரர். கல்யாணமான புதிதில் நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்வார், காலனியே கூடி வேடிக்கை பார்க்கும். அப்பேர்ப்பட்ட மனுஷன் போன வருஷத்திலிருந்து பாதியிலேயே நிறுத்திவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். "நீயே பேசு ஏஞ்சலு, எனக்கு மூச்சு வாங்குது" என்பார். ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட முடியுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலை ஒன்றில் அவர் கான்ட்ராக்ட் ஆள். உலைக்குப் பக்கத்தில் வேலை. எனக்குத் தாலி கட்டுவதற்கு முந்தியே அங்கே சேர்ந்தவர். இப்போது எங்கள் மகள் மோனிகா நர்சிங் படிக்கிறாள், இவர் இன்னும் கான்ட்ராக்ட்தான். துப்பினால் கறுப்பாக வரும். இன்னாய்யா இது என்று கேட்டால், "ஒலையாண்ட நிக்கிறவன் துப்புனா மல்லிப்பூவா வரும்?" என்பார். நக்கலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

வருஷத்துக்கு ஒரு முறை ஆலைக்காரர்கள் உடம்பைச் சோதிப்பார்கள். ரத்தம், கண், காது எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள். மூக்கில் கிளிப் மாட்டிக்கொண்டு, நெஞ்சு நிறைய இழுத்து, உள்ளே ஒன்றும் மிச்சமில்லாமல் ஊத வேண்டும். மெஷின் நம்பர் காட்டும். இவர் ஊதிய ஊதலுக்கு நம்பர் பாதிகூட ஏறவில்லை. கான்ட்ராக்டரின் மேஸ்திரி குப்புராஜ் கேட் பாஸை அங்கேயே பிடுங்கிக்கொண்டான்.

"ஊத முடியாதவன் ஒலைக்கு எதுக்கு? பொங்கல் கழிச்சி இன்னொரு கேம்ப் கீது. அதுல ஊதிக் காட்டு, பாஸ் தர்றேன். இல்லாங்காட்டி ஊட்லயே குந்திக்கோ."

நான் விடுவேனா? அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா நல்ல மாதிரி. உட்கார வைத்துச் சொன்னார். "நுரையீரல்ல தூசி படிஞ்சிருக்கு. படிஞ்சது போகாது. இனிமே படியாம பாத்துக்கலாம். அந்த வேலைக்கு மட்டும் திரும்பிப் போயிடாதீங்க. மத்தபடி நடங்க, மூச்சுப் பயிற்சி பண்ணுங்க, தெம்பா இருப்பீங்க."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டோம். திரும்பிப் போகாதே என்றது என் காதில் விழுந்தது. பயிற்சி செய்தால் தெம்பு வரும் என்றது மட்டும் அவர் காதில் விழுந்தது.

எங்கள் காலனிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் 'கோலியாத் ஜிம்' என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கும். நடத்துகிறவன் ஸ்டீவன். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். வேலை முடிந்து வந்தால் கொட்டகைதான் அவனுக்கு வீடு. எளாவூரில் லாரிக்காரர்களிடம் கேட்டு வாங்கிய பழைய பிரேக் டிரம்களைக் கம்பியின் இரண்டு பக்கமும் பற்றவைத்து எடை தூக்க வைத்திருந்தான்.

"ஏன்டா, பைபிள்ல தோத்தவன் பேரைப் போயா வெப்பே?" என்று முதல் நாளே கேட்டேன்.

"தாவீதுக்கு ஏதுக்கா ஒடம்பு? கவண்கல்லை வெச்சிக்கினு ஜிம்மு நடத்த முடியுமா?" என்றான். அன்றைக்கே அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அதே கொட்டகையில் காலையில் ஈஸ்வரி யோகா சொல்லித் தருவாள். பக்கத்துக் கிராமத்தில் சொந்த நிலத்தில் நெல் வைக்கிற குடும்பம். ஸ்கூட்டரில் வருவாள். நாள் பூராவும் நின்றுகொண்டே பேக்கிங் செய்து இடுப்பு விட்டுப்போன என்னைப் போன்ற பெண்கள்தான் அவளுக்குக் கூட்டம். தனியாகப் போகமாட்டேன் என்று இவர் அடம் பிடித்ததால், "எழுந்திரு யோவ், நானும் வர்றேன்" என்று நானும் போனேன்.

முதல் நாள் எல்லோரும் ஓம் என்று இழுத்தபோது இவர் திருதிருவென்று விழித்தார். "நாங்க சர்ச்சுக்குப் போறவங்கம்மா" என்றார்.

"மூச்சுக்கு இன்னாண்ணா மதம்? வாயை மூடிக்கினு 'ம்'னு இழுங்க, போதும்" என்றாள் ஈஸ்வரி. இவர் 'ம்' என்று இழுத்து முடித்துவிட்டு ஆமென் என்றார். கொட்டகை சிரித்தது. அப்புறம் அது தினப்படி வழக்கமாகி, கற்பூரம் ஏற்றுகிற பெண்கள்கூட ஆமென் சொல்லித்தான் பாயைச் சுருட்டினார்கள்.

ஈஸ்வரி ஆரம்பத்தில் நாங்கள் கொடுக்கும் டீயைத் தொடமாட்டாள். தண்ணீர் பாட்டில் கொண்டுவந்துவிடுவாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் மழையில் நனைந்து வந்தவள், "அக்கா, அந்த டீயில எனக்கும் ஊத்து" என்றாள். ஊற்றினேன். குடித்துவிட்டு, சர்க்கரை தூக்கல் என்று குறை சொன்னாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் நாங்கள் போகவில்லை என்றால் வீட்டுக்கே ஆள் வந்துவிடும். வேலை இல்லாமல் வீட்டில் கிடந்திருந்தால் இவர் குடித்தே அழிந்திருப்பார். மாலையில் ஸ்டீவனின் பையன்கள் பிரேக் டிரம் தூக்குவார்கள், இவர் பக்கத்தில் உட்கார்ந்து பலூன் ஊதுவார், மெழுகுவர்த்தியைத் தூர வைத்து ஊதி அணைப்பார். கேம்பில் ஊதுவதற்கு ஸ்டீவன் கண்டுபிடித்த பயிற்சி அது. இவர் ஊதும்போது எடையைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் கைதட்டிக்கொண்டு கூடவே எண்ணுவார்கள். எண்ணிக்கை ஏற ஏறக் கொட்டகை அதிரும். உருக்காலையில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவருக்கு யாராவது ஒரு முறை கைதட்டியிருப்பார்களா?

உடம்பு தேறியது. கிறிஸ்மஸ் ஆராதனையில் பாட்டு முழுவதையும் இருமாமல் பாடினார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதேன். ஸ்தோத்திரம் ஆண்டவரே, இவ்வளவு போதும் என்று சொல்லிக்கொண்டேன்.

எனக்குப் போதும். அவருக்குப் போதவில்லை.

ஸ்டீவன் தன் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். தூசி இல்லை, புகை இல்லை, நிழலில் நாற்காலி. அதைச் சொன்னதும் இவர் எகிறினாரே பார்க்க வேண்டும்! "ஒலையைக் கட்டி ஆண்டவன் நானு. கேட்ல நின்னுக்கினு கார்ல வர்றவனுக்கெல்லாம் சலாம் அடிக்கச் சொல்றியா? உங்க அப்பன் அடிப்பானா?" என்று ஆரம்பித்தவர், என் அப்பா, என் தம்பி, என் சித்தப்பா என்று ஒருவரையும் விடாமல் ஒரே மூச்சில் திட்டி முடித்தார். பழைய ஜெயராஜ்! எனக்குக் கொஞ்ச நேரம் மனசு குளிர்ந்துபோயிற்று. அப்புறம்தான் உறைத்தது. இந்தத் தெம்பை எடுத்துக்கொண்டு போய் அந்த உலையிலேயே போடப்போகிறார்.

ஈஸ்வரியிடம் சொன்னேன். அவள் அவரிடமே நேராகச் சொன்னாள். "அண்ணா, நீங்க ஊதக் கத்துக்கினீங்க, அவ்ளோதான். உள்ள படிஞ்சது படிஞ்சதுதான். நம்பர் வந்தா மெஷினுக்குத்தான் சந்தோஷம்." இவர் தலையை ஆட்டினார். ஆட்டினதோடு சரி.

கேம்புக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் காலைக் கட்டிக்கொண்டேன். சண்டை போட்டால் கேட்கமாட்டார் என்று தெரியும். "பாதி ஊது. பாதி ஊதினா போதும். நம்பர் வராது, குப்புராஜே உன்னை ஊட்டுக்கு அனுப்பிடுவான். நீயா வேலையை உட்டேன்னு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. மோனிகா கல்யாணத்துக்கு நீ இருக்கணும், எனக்கு நீ இருக்கணும்யா."

"எனக்கும் பயமாத்தான் கீது" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை. பிறகு என் தலையில் கை வைத்து, "சரி. பாதிதான். ஸ்டீவன்கிட்ட மட்டும் சொல்லாத. அத்தினி பேரும் எனக்காக ஒழைச்சிருக்காங்க. வேணும்னே தோத்தேன்னு தெரிஞ்சா மூஞ்சில முழிக்க முடியாது" என்றார். சரி என்றேன்.

கேம்ப் பஜாரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பொண்ணு மாப்பிள்ளை உட்காரும் மேடைக்குக் கீழே மேஜை, மேஜையில் மெஷின். ஈஸ்வரி வீட்டில் அறுப்பு, அவள் வரவில்லை. மற்றபடி கொட்டகை முழுவதும் வந்திருந்தது. ஷிப்டுக்குப் போகிற பையன்கள் கம்பெனிச் சட்டையோடு நின்றார்கள். பெண்கள் கையில் டிபன் டப்பாவோடு நின்றார்கள். இத்தனை பேரை யாரம்மா வரச் சொன்னது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அன்பாக வந்தவர்களைப் போ என்று எப்படிச் சொல்வது?

இவர் பேர் வந்தது. மூக்கில் கிளிப் மாட்டினார்கள். "மூணு தடவை சான்ஸ். நல்லா இழுத்து ஊதுங்க" என்றான் மெஷின் பார்க்கிற தம்பி.

முதல் தடவை பாதிதான் ஊதினார். நம்பர் ஏறவில்லை. பின்னால் 'ச்சே' என்று ஒரு சத்தம். இரண்டாவது தடவையும் பாதிதான். எனக்குள் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று ஓடிக்கொண்டிருந்தது. குப்புராஜ் பேனாவை எடுத்துப் பேரை அடிக்கப் போனான்.

"இருங்க மேஸ்திரி, இன்னொண்ணு கீது" என்று ஸ்டீவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். இவர் முதுகைத் தடவினான். "ண்ணா, இந்த ஜனத்தையெல்லாம் பாக்காத. நம்ம கொட்டாய்னு நெனைச்சிக்கோ. நம்ம கொட்டாய்ல ஊதுற மாதிரி ஊது." சொல்லிவிட்டுக் கைதட்ட ஆரம்பித்தான். பையன்கள் தட்டினார்கள். பெண்கள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்கள். யாரென்றே தெரியாத வேறு கம்பெனி ஆட்களும் சேர்ந்து தட்டினார்கள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

ஊதினார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, உடம்பு முன்னால் வளைந்து, இனி ஒன்றும் இல்லை என்கிற வரைக்கும் ஊதினார். "போதும் சார், போதும்" என்று அந்தத் தம்பியே குழாயைப் பிடித்து இழுத்தான்.

மண்டபம் இரண்டுபட்டது. பையன்கள் அவரைத் தூக்கிவிட்டார்கள். குப்புராஜ் பாஸை அவர் சட்டைப் பையில் தன் கையாலேயே செருகினான். "பாருங்கடா, இவன்தான் ஆம்பள! நாளைக்குக் காலைல ஷிப்டு. தூசி ரூமு க்ளீன் பண்ண ஆளில்லாம பேஜாராக் கீது. எல்லாரும் அரை மணியில இருமிக்கினு வெளிய ஓடியாந்துடறானுங்க. இந்த மூச்சுக்கு நீதான்டா லாயக்கு."

உலையின் புகையை உறிஞ்சிப் பெரிய பெரிய பைகளில் பிடிக்கிற அறை அது. உள்ளே போய்ப் பைகளை உதறிவிட வேண்டும். பழைய வேலையே தேவலை.

நான் மெஷின் தம்பியிடம் ஓடினேன். "தம்பி, அது தப்பு நம்பரு. இன்னொரு வாட்டி ஊதச் சொல்லுப்பா."

அவன் சிரித்தான். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். புருஷன் தோற்க வேண்டும் என்று எந்தப் பெண்டாட்டி கேட்பாள்? "அக்காவுக்கு சந்தோசத்துல இன்னா பேசறதுன்னே தெரியல" என்றாள் ஒருத்தி.

"உள்ள போனா செத்துப்பூடுவாருடா!" என்று கத்திவிட்டேன்.

ஸ்டீவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர். "இன்னாக்கா நீ? அதுக்குத்தான இத்தினி நாளா ஒழைச்சோம்? இப்ப அண்ணன் இரும்பு மாதிரி கீறாரு. எந்தத் தூசி வந்தாலும் தாங்குவாரு." அவன் மனதார நம்பினான். அங்கே நின்ற அத்தனை பேரும் நம்பினார்கள். அவர்களை எப்படித் திட்டுவேன்?

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டேன். "என் தலையில கை வெச்சியேய்யா, ஏன்யா?"

சட்டைப் பையிலிருந்த பாஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க ஏஞ்சலு" என்றார்.

மறுநாள் இருட்டோடு எழுந்து இட்லி அவித்து, டப்பாவில் போட்டு நான்தான் கட்டிக்கொடுத்தேன். வேறு என்ன செய்ய? வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. இருமலை அடக்க வெல்லமும் ஒரு துண்டு வைத்தேன். தெருமுனை வரைக்கும் கூடவே போனேன். அவர் சைக்கிளில் ஏறினார். ரயில்வே பாலத்தின் ஏற்றத்தில் ஷிப்டுக்குப் போகிற இளவட்டங்களே இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் இறங்காமல் மிதித்தார். உச்சிக்குப் போனதும் காலை ஊன்றி நின்று திரும்பினார். இரைக்கவே இல்லை என்று எனக்குக் காட்டுவதற்காக, அங்கிருந்து தெருவே கேட்கும்படி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.