பதில் சொல்கிறவள்

அப்பாவின் இடுப்புக்கடியில் கை கொடுத்து, டீனா அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பப் பார்த்தாள். ஹெர்பர்ட் முரண்டு பிடித்தார். முதுகு புண்ணாகிக் கிடந்தது, வலிக்காமல் என்ன செய்யும். ஆனால் முரண்டு வலிக்காக இல்லை. அந்தப் பக்கம் திரும்பினால் பீடம் தெரியாது. பீடம் தெரியாவிட்டால் ரயான் தெரியமாட்டான்.

ஆமாம், ரயான் பட்டம் வாங்கிய படம் பீடத்தின் மேல்தான் இருந்தது. குழந்தை யேசு கோயிலைச் சுற்றியிருக்கிற விவேக் நகரில் எந்த வீட்டுப் பீடத்திலும் குழந்தை யேசு நடுவில் இருப்பார். இந்த வீட்டில் அவர் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டிருந்தார். மகன் கனடா போன வாரமே ஹெர்பர்ட் செய்த ஏற்பாடு அது. அன்றிலிருந்து சீரியல் பல்பு யாருக்காக எரிகிறது என்று டீனாவுக்குச் சந்தேகம்தான்.

பள்ளிக்கூட வேலை, சமையல், அப்பாவின் மாத்திரை என்றே அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களும் ஓய்ந்துபோனார்கள். "நீ இருக்கியே, அது போதும்மா" என்று அப்பா ஒரே ஒரு தடவை சொல்லிவிட மாட்டாரா என்று காத்திருந்தாள். இந்த வயதில் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் காத்திருந்தாள்.

அன்று காலை டாக்டர் கையை விரித்துவிட்டார். கோயில் சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். ரயானும் வீடியோ காலில் வந்தான்.

"டாடி, இப்ப லீவு கேட்டா கஷ்டம். அடுத்த மாசம் கண்டிப்பா வரேன், ஓகேவா? அக்கா, டாடிய பாத்துக்கோ."

அடுத்த மாதமாம். போன் அணைந்த பிறகும் ஹெர்பர்ட் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டீனாவுக்குத் தம்பிமேல் பொங்கிக்கொண்டு வந்தது. அப்பாமேல் அதைவிட அதிகமாக வந்தது.

வியாழக்கிழமை. வெளியே கோயிலுக்கு வந்த நவநாள் கூட்டம், சந்து முழுக்க ஆட்டோ. உள்ளே அவர்கள் இரண்டு பேர்தான். மதியம் கஞ்சி ஒரு ஸ்பூன்கூட இறங்கவில்லை.

"டீனா, அவனை எறக்கிடு."

"யார டாடி?"

கண்ணாலேயே பீடத்தைக் காட்டினார்.

"அவன் மேல கோவமா?"

"இல்லமா. ஆண்டவர்கிட்ட கேக்க வேண்டியத எல்லாம் அவன்கிட்ட கேட்டுகினு இருந்தேன். பாவம், அவன் என்ன பண்ணுவான், மனுசன்தானே. எனக்கும் தூக்கம் இல்ல, அவனையும் நிம்மதியா விடல."

படத்தை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். இனி தன்னைப் பார்ப்பார் என்று கட்டிலருகே வந்து நின்றாள். அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நெற்றிச் சுருக்கமெல்லாம் விட்டுப்போயிருந்தது. யாரும் தேவைப்படாத முகம் அது, அவளும் தேவைப்படாத முகம். தனிமை டீனாவுக்குப் புதிதில்லை. ஆனால் இவ்வளவு தனியாக அவள் இருந்ததில்லை.

"ஜெபமாலை சொல்லலாமா டாடி?" என்று கேட்டாள். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

அம்மா போனதிலிருந்து அந்த வீட்டில் மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஜெபத்தின் முதல் பாதியை அப்பா சொல்வார், பின் பாதியை டீனா சொல்வாள். காய்ச்சலில் கிடந்தாலும் முதல் பாதியை அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

"இன்னைக்கு நீ ஆரம்பிமா. நான் பதில் சொல்றேன்."

தினமும் கேட்ட வார்த்தைகள்தான், வாயில் வரவில்லை. இரண்டு இடத்தில் தடுமாறினாள். அவர் திருத்தாமல் பொறுத்திருந்து பின் பாதியைச் சொன்னார். அடுத்த மணி. அதற்கடுத்தது. குரல் தேய்ந்து, உதடு மட்டும் அசைந்தது. அவள் காத்திருந்த வார்த்தை இனி வராது என்று தெரிந்தது. ஆண்டவரிடம் கேட்க வேண்டியதைத் தானும் இந்த மனிதரிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தோமோ என்று தோன்றியது. அழுகை வந்தது, ஆனால் ஜெபத்தை நிறுத்தவில்லை.

ஒரு மணியில் முதல் பாதியை முடித்துவிட்டு, அவர் பதிலுக்காக நிறுத்தினாள். உதடு அசையவில்லை. போர்வையும் ஏறி இறங்கவில்லை.

டீனா காத்திருந்தாள். வெளியே ஏதோ ஒரு ஆட்டோ வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு பின் பாதியையும் அவளே மெதுவாகச் சொல்லிவிட்டு, விரலை அடுத்த மணிக்கு நகர்த்தினாள்.