போங்-சீக்கு வந்த மஞ்சள்

டாக்டர் ஷென்னுக்குக் காத்திருப்பது என்றாலே ஆகாது. கை கழுவி, கையுறை மாட்டி, கைகளைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிடமாக நிற்கிறார். மயக்க மருந்து கொடுக்க வேண்டிய லியாவ் பி-யுன்னோ, மேஜையில் படுத்திருந்தவளோடு கதை பேசிக்கொண்டிருந்தார்.

படுத்திருந்தவள் காவ் யா-வென். ஜியாயி ஊர் ரயிலடியில் வான்கோழிச் சோறு விற்பவள். நான்கு மாதத்துக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது கை ஒடிந்து, தைனான் ஆஸ்பத்திரியில் எலும்புக்குத் தகடு வைத்தார்கள். அது தளர்ந்துவிட்டது. மாற்ற வேண்டும்.

"முதலாளியம்மா, போன ஆபரேஷனுக்கு அப்புறம் காய்ச்சல், காமாலைன்னு ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டார் லியாவ்.

"எனக்கா? எனக்கு ஆபரேஷனே நடக்கல டாக்டரம்மா."

ஷென்னுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப இந்தத் தழும்பு? பூனை பிராண்டிச்சா?"

"அப்ப இருந்தவ வேற ஆளு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் அவள்.

"தைனானுக்குப் போன் போட்டேன் டாக்டர்," என்றார் லியாவ். "காவ் யா-வென்னு யாரும் அங்க வரவே இல்லையாம்."

பெயரை மாற்றியிருக்கிறாள் என்பது ஷென்னுக்கு உடனே புரிந்தது. அவருடைய மைத்துனியே ஜோசியர் பேச்சைக் கேட்டு இரண்டு தடவை பெயர் மாற்றியவள். அவராக இருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு வேலையை ஆரம்பித்திருப்பார். லியாவ் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப இருந்தவ பேரு என்ன?"

"போங்-சீ," என்றாள் அவள், வாய்க்குள்ளேயே. கிடந்துவிட்டுப் போகட்டும், வளர்த்து வை என்ற அர்த்தத்தில், மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தவளுக்கு அப்பன் வைத்த பெயர். "அவ நோயப் பத்தி வாயத் திறந்தா அது என்னத் தேடி வந்துரும்னு ஜோசியர் சொல்லிட்டாரு."

"உங்களப் பத்தி நான் ஒண்ணும் கேட்கலையே. அந்தப் போங்-சீயப் பத்தி ஊர்வம்பு பேசுவோம். அவளுக்கு என்னதான் ஆச்சு?"

வம்பு என்றதும் அவளுக்கு நாக்கு அவிழ்ந்துவிட்டது. "பாவம், அவ பட்டது கொஞ்சநஞ்சமில்ல. தகடு வச்ச எட்டாம் நாள் காய்ச்சல். சோத்தப் பாத்தாலே குமட்டல். அப்புறம் கண்ணெல்லாம் மஞ்சள். பொழைக்கவே மாட்டான்னுட்டாங்க. எப்படியோ எழுந்தா, எழுந்ததும் பேரத் தூக்கிப் போட்டா."

"இந்த ஊர்ல யாருக்குத்தான் கல்லீரல் ஒழுங்கா இருக்கு?" என்றார் ஷென். "எல்லாம் அந்தக் காமாலைக் கிருமிதான். எனக்கே இருக்கு."

"உங்களுக்கு இருக்கு. அவங்களுக்கு இல்ல. நேத்து ரத்தம் பார்த்தாச்சு." லியாவ் எழுந்து அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "தைனான்ல ஹாலோத்தேன் குடுத்திருக்கலாம். மூச்சுல குடுக்கிற அந்த மயக்க மருந்த கல்லீரல் உடைக்குது. ரொம்ப அபூர்வமா, அப்ப உடம்பு தன் கல்லீரலையே எதிரின்னு நினைச்சு அடிக்க ஆரம்பிச்சுரும். முதல் தடவ தப்பிச்சவங்க ரெண்டாந்தடவ தப்பிக்கிறது கஷ்டம்."

"வரும்னு உறுதியாச் சொல்ல முடியுமா?"

"முடியாது. வராதுன்னு நீங்க சொல்லுங்க, இப்பவே மாஸ்க்க வைக்கிறேன்."

தூக்கிய கைகளை என்ன செய்வது என்று ஷென்னுக்குத் தெரியவில்லை.

லியாவ் மாஸ்க்கை ஒதுக்கிவிட்டு, யா-வென்னின் வலது அக்குளில் விரல் வைத்து நாடியைத் தேடிப் பிடித்து, அதை ஒட்டி மெல்ல ஊசி இறக்கினார். கை மட்டும் மரத்துப்போக அரை மணிக்கு மேல் ஆயிற்று. ஷென் முணுமுணுக்காமல் நின்றார். லியாவ் இடத்தில் இருந்திருந்தால், இல்லை என்று ஒரு பதில் வந்ததுமே அவர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார். பிறகு யா-வென் மஞ்சளாகிச் செத்திருந்தால் கிருமியின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியும் இருப்பார். அதை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. எப்பேர்ப்பட்ட பெண் இவள் என்று லியாவ்வை அன்றுதான் முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். தகடு மாற்றி முடியும்வரை யா-வென் விழித்தபடி, வான்கோழி எண்ணெயில் சின்ன வெங்காயம் எப்போது போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் லியாவ் ஒரு அட்டையோடு வார்டுக்கு வந்தார். ஷென்னும் கூடவே வந்தார். ஹாலோத்தேன் கூடாது என்று அதில் பெரிதாக எழுதியிருந்தது.

"இத எப்பவும் பையில வச்சுக்கங்க. ஆனா பழைய பேரும் இதுல இருக்கணும். அப்பதான் தைனான்ல இருக்கிற விவரமும் உங்களோடதுன்னு தெரியும். அடுத்த தடவ கேட்க நான் இருக்க மாட்டேன்."

யா-வென் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஷென் ஏதோ சொல்ல வாயெடுத்தார். லியாவ் அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவளத் தொலைச்சுட்டேன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டேன்," என்றாள் யா-வென். "அவ பட்டதாலதான் நான் உசுரோட இருக்கேன்."

பேனாவைக் கேட்டு வாங்கி, தன் பெயருக்குப் பக்கத்தில், காவ் போங்-சீ என்று இடது கையால் கோணல்மாணலாக எழுதினாள்.