முதலில் ஏறுபவர்

"கைய எடுங்க சித்தப்பா" என்று அவள் சொன்னபோது, சித்தப்பா சக்கர நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டிருந்தார். மறுபக்கம் இரண்டு பேர் அவரைப் போலவே சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்கள். நாற்காலியில் இருந்தவர் அஞ்சலிக் கூடத்தின் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு படிதானேம்மா? உங்கப்பா உடம்ப அமரர் ஊர்தியில வச்சிக்கிட்டு வெயில்ல எவ்ளோ நேரம் நிக்கிறது?"

"கேப்டன யாரும் தூக்கக் கூடாது."

அப்பா தச்சர். சிறுவர்களுக்கான ஒரு சாகசத் தொலைக்காட்சித் தொடருக்கு அரங்கம் போட்டவர். அதில் மூன்று பிள்ளைகள் கடத்தல்காரர்களைத் துரத்துவார்கள்: நடக்க முடியாத கேப்டன், பார்வையில்லாத ரேடார், காது கேளாத மின்னல். நடித்தவர்களும் அப்படிப்பட்ட பிள்ளைகள்தான். முதல் நாள் கேப்டனைக் கப்பலுக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். பையனின் முகம் செத்துப்போனதை அப்பா பார்த்துவிட்டார். நேரே இயக்குநரிடம் போய், "தீவக் காப்பாத்தப் போறவன மூட்ட மாதிரி தூக்கிட்டுப் போனா எந்தப் புள்ள சார் நம்பும்?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு குகையோ கப்பலோ, சரிவுப் பலகை இல்லாமல் அவர் அரங்கம் போட்டதே இல்லை. பாறையாகவும் பாலமாகவும் வேஷம் போட்டுக்கொண்டு அது எங்காவது கிடக்கும். ஒவ்வொன்றிலும் முதலில் அவரே ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஏறிப் பார்ப்பார். உச்சியில் திரும்பி, "பலக தாங்குது. வா கேப்டன்" என்பார். அந்தக் குரல் வந்த பிறகுதான் பையன் சக்கரத்தில் கை வைப்பான். பள்ளியில் எல்லோரும் கேப்டனைப் பற்றி அளந்தால், அவள் பலகையைப் பற்றி அளப்பாள்.

இப்போது பட்டறை அவளுடையது. அப்பாவின் பழைய வேனைத்தான் ஓட்டி வந்திருந்தாள். கூரையில் கட்டியிருந்த நீளப் பலகைகளை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"இது என்ன சினிமாவா?" என்றார் சித்தப்பா.

"இல்ல, டிவி."

பலகைகளைப் படிகளின் மேல் சாய்த்துச் சேர்த்தாள். அடியில் கட்டை கொடுத்து ஆணி அடித்தாள். கேப்டன் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கொஞ்சம் செங்குத்தா இல்ல?"

"கேப்டனுக்கு வயசாயிடுச்சா?"

அவர் சிரித்தார். அவளுக்கு அழுகை வரவில்லை. அப்பாவின் சுத்தியல் கையில் கனமாக இருந்தது. நெஞ்செல்லாம் பெருமையாக இருந்தது.

வேலை முடிந்தது. கேப்டன் பலகையின் அடிவரை வந்து நின்றுவிட்டார்.

"அதான் போட்டாச்சே தம்பி, ஏற வேண்டியதுதானே?" என்றார் சித்தப்பா.

"அவர் மொதல்ல போகட்டும் சார். எப்பவும் அப்படித்தான்."

சித்தப்பா பலகையை விட்டு ஒதுங்கினார். மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். பிறகு ஊர்தியின் பக்கம் திரும்பி, "பெட்டியத் தள்ளுவண்டியில வைங்கப்பா" என்று குரல் கொடுத்துவிட்டு, தானும் ஒரு கை பிடிக்கப் போனார்.

தள்ளுவண்டி மெல்ல ஏறியது. நடுவில் பலகை ஒருமுறை முனகியது. வளையவில்லை. பெட்டியோடு மேலே போனவள் வாசலில் நின்று திரும்பினாள். கீழே கேப்டன் நரைத்த தலையை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பலக தாங்குது. வா கேப்டன்."

அவருடைய கைகள் சக்கரங்களுக்குப் போயின.